மயிலைக் காளையின் நீர்க்கட்டு

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எந்த இடத்திலும் எட்டு மாதத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. அங்கே மட்டும் ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு வண்டி மாட்டுக்காக இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன். அதிலும் பாதி நாள் போகவில்லை. பிறகு ஹட்டனில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன், கொட்டகலையில் ரயில் பாதைக்குக் கல் சுமந்தேன், நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு பால் மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளினேன். அந்தப் பண்ணைக்கு வரும் மாட்டு டாக்டருக்கு வால் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. வால் பிடித்தே கொஞ்சம் சிங்களமும் கொஞ்சம் வைத்தியமும் வாய்க்கு வந்தன. அங்கிருந்து கிளம்பும்போது என் தகரப் பெட்டியில் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும், மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் ஒன்றும் இருந்தன. அது போதும், லிந்துலைக்கு வந்ததும் லயத்து ஆட்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், என்னை டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கேலியாகத்தான் தொடங்கினார்கள். இரண்டு மூன்று பசுக்களுக்கு மடிவீக்கம் வடிந்த பிறகு கேலி போய்விட்டது. எனக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலை காய வைக்கும் ஆலைக்கு, விறகு ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் எனக்கு இடம் கொடுத்தார். லயத்தில் அவர்களுடைய காம்பரா அறைக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வேன். அவருடைய மனைவி கொழுந்து எடுக்கப் போவாள். அவளை அக்கா என்பேன், அவரை அண்ணன் என்பேன். பிள்ளைகள் இல்லை. இரண்டு மாடுகள் இருந்தன, ஒன்று மயிலை, ஒன்று செவலை. கன்றாக இருக்கும்போதே காயடித்துச் சேர்த்துப் பழக்கிய ஜோடி. மலைச் சரிவில் விறகு வண்டி இறங்கும்போது பாரத்தைப் பின்னுக்குத் தாங்கிப் பிடிப்பது மயிலைதான். செவலைக்கு இழுக்கத் தெரியும், தாங்கத் தெரியாது.

அந்த வருஷம் ஒரு லொறிக்காரன் விறகைத் தானே ஏற்றித் தருவதாகத் துரையிடம் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். ஸ்டோரில் ஒரு நாள் விறகு குறைந்தாலும் வண்டிக்கு வேலை இல்லை என்று வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார். வண்டிக்காரருடைய பேர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இல்லை. மலையில் வேலைக்கு இறங்கும் வயதும் தாண்டிவிட்டது. மாடு நின்றால் அவர் நின்றார்.

மாட்டுப் பொங்கலுக்கு மாடுகள் பளபளவென்று தெரிய வேண்டும் என்று மார்கழி முழுவதும் தவிட்டையும் புண்ணாக்கையும் கூட்டி வைப்பது அங்கே பழக்கம். கொம்புக்குச் சாயம் அடித்து லயத்தைச் சுற்றி ஓட்டி வரும்போது மற்றவர்கள் பார்த்துப் பேச வேண்டும். பனி விழும் மாதம் அது. காலையில் புல் நுனி வெள்ளையாக உறைந்திருக்கும். பீலிக் குழாயிலிருந்து விழும் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். மாடுகள் வாயை வைத்துவிட்டு உடனே எடுத்துவிடும். நல்ல தீனி, போதாத தண்ணீர். அது கெடுதல் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாட்டை நன்றாக வைத்திருக்கிறார் என்று வண்டிக்காரருக்குப் பேர்தான் கிடைத்தது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலையில் மயிலை நுகத்துக்கு வர மறுத்தது. முன்னங்காலை முன்னுக்கும் பின்னங்காலைப் பின்னுக்கும் நீட்டி, முதுகை வளைத்து நின்றது. வாலைத் தூக்குகிறது, நடுங்குகிறது, இறக்குகிறது. வயிற்றைப் பின்னங்காலால் உதைத்துக்கொண்டது. அரை மணி நேரம் முக்கி நாலு சொட்டு விட்டது, அதிலும் ரத்தம் கலந்திருந்தது. குறி முடியில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. உப்பு மணல் போல ஏதோ ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டேன். அந்த மணலைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பண்ணையில் ஒரு பசு இப்படித்தான் முக்கிக்கொண்டு நின்றது. பார்லிக் கஞ்சித் தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்து இரண்டு நாள் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அந்த மூங்கில் குழாயைப் பிடித்திருந்தவன் நான். நீர்க்கடுப்பு என்று வண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் கடைக்குப் போய்ப் பார்லி வாங்கி வந்தார். வெடியுப்பு என் பெட்டியிலேயே இருந்தது.

அன்றைக்கு மூன்று தடவையும் மறுநாள் மூன்று தடவையும் புகட்டினேன். வண்டிக்காரர் கொம்பைப் பிடிப்பார். அக்கா கடைவாயில் விரலைக் கொடுத்துத் தாடையைத் தூக்கிப் பிடிப்பாள். மாடு பாதியை வெளியே துப்பியது. போதும் அக்கா, பிறகு பார்க்கலாம் என்றேன்.

"அவ்வளவும் உள்ள போனாத்தானே தம்பி வெளிய வரும்" என்றாள். மிச்சத்தையும் ஊற்றினேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மயிலை பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து லயம்வரை கேட்டது. வண்டிக்காரர் செவலையை மட்டும் ஒற்றையாகப் பூட்டிக் கால்வாசி விறகு ஏற்றிப் போய்விட்டு வந்தார். நான் சரிவில் வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். மயிலை செய்த வேலையை அன்றைக்கு நான் செய்தேன். உள்ளங்கை உரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மயிலை திடீரென்று அடங்கியது. உதைக்கவில்லை, முக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெதுவாகப் படுத்தது. அக்கா ஒரு கைப்பிடி புல்லை நீட்டினாள், வாங்கி மென்றது. வண்டிக்காரர் என் தோளில் கை போட்டார். கை கால் வலி எல்லாம் எனக்கு மறந்து போனது. பின்னேரம் லயத்துக் கோடியில் இருக்கும் முனியாண்டி கல்லுக்குத் தேங்காய் உடைத்தார்கள். எனக்கு முதல் ஆளாகத் திருநீறு பூசினார்கள். சிறுநீர் போனதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வலி நின்றுவிட்டது, அது போதும் என்று எல்லோரும் நினைத்தோம். மாட்டுக்கு உள்ளே மூத்திரப் பை வெடித்த நேரத்துக்குத்தான் நாங்கள் தேங்காய் உடைத்தோம்.

மறுநாள் அது புல்லைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் வயிறு இரண்டு பக்கமும் கீழே சரிந்து பருத்தது. வாயிலிருந்து வந்த மூச்சில் மூத்திர வாடை அடித்தது. தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய இடத்திலேயே மடிந்து நின்றது. அப்போதுதான் பயந்தேன். டவுனுக்கு நடந்துபோய் அரசாங்க மாட்டு டாக்டரைப் பார்த்தேன். நல்ல காலம், இந்தப் பக்கம் வரும் நாள் அது. ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அவர் சிங்களவர், நடுவயது, அதிகம் பேசாதவர். கோட்டைக் கழற்றிக் கொழுக்கியில் மாட்டுவது போல வேலி முள்ளில் மாட்டினார். தோள்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு மாட்டின் பின்புறமாகக் கையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். பை அடைத்திருந்தால் பெரிய பந்து போலக் கைக்குத் தட்டுப்படும், ஒன்றும் இல்லை என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு வயிற்றின் ஒரு பக்கம் என்னை உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டு மறுபக்கம் தட்டினார். அலை வந்து என் கையில் மோதியது. தண்ணீர் நிரம்பிய தோல் பையைத் தட்டினால் அப்படித்தான் இருக்கும்.

நீளமான ஊசி ஒன்றை வலது பக்க அடிவயிற்றில் குத்தினார். மஞ்சள் தண்ணீர் சொட்டிற்று, பிறகு ஒழுகிற்று. அதை ஒரு பால் டின்னில் பிடித்து, அக்காவின் அடுப்பில் சுட வைக்கச் சொன்னார். ஆவி வந்ததும் டின்னை என் மூக்குக்கு நேரே நீட்டினார். முகர்ந்தேன். சூடாகும்போது அந்த வாடை தப்பாது. மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவனுக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சட்டையின் கையை இறக்கிவிடப் போனவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்துப் போன ஆள் பார்க்கிற பார்வை. பிறகு சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். பசுவுக்கு நீர் வழி அகலம், குட்டை. காயடித்த மாட்டுக்கு அது பென்சில் அளவு, நடுவில் இரண்டு தரம் மடிந்து வேறு போகிறது. அந்த மடிப்பில் கல் அடைத்திருக்கிறது. வாயை அடைத்த பையில் மேலும் மேலும் தண்ணீர் சேர்த்தால் பை என்ன செய்யும்? நீ புகட்டிய மருந்துதான் வெடிக்க வைத்தது. சும்மா விட்டிருந்தால் இன்னும் ஒரு நாள் தாங்கியிருக்கும், அதற்குள் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

வண்டிக்காரருக்குச் சிங்களம் வராது. மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெந்நீர்ச் சட்டியோடு பக்கத்தில் நின்றாள்.

"என்னா சொல்றாரு?" என்று கேட்டார்.

"கல்லு அடைச்சு உள்ள பை வெடிச்சிருச்சாம்ணே" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

அடுத்ததாக டாக்டர் சொன்னதை முழுவதும் சொன்னேன். கசாப்புக்குக் கொடுப்பதென்றால் இப்போதே கொடுத்துவிட வேண்டும், இப்போதே பாதி இறைச்சி நாறியிருக்கும். அறுத்து வேறு வழி வைக்கலாம், ஆனால் பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். பிழைத்தாலும் பசு மாதிரி பின்னால்தான் பெய்யும். வண்டிக்காரர் மயிலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ என்ன சொல்ற? நீதானே பாத்துக்கிட்டிருக்க" என்றார்.

"அறுக்கட்டும்ணே" என்றேன். நான் அறிந்து சொன்னதில்லை. கசாப்புக்காரன் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போவதை நின்று பார்க்க என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் கட்டினோம். வால் அடியில் மரத்துப் போக ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் வால் துணி போலத் தொங்கியது. அதைப் பிடித்து முதுகுமேல் மடக்கிக் கட்டினேன். வயிற்றில் குழாய் செருகித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிய விட்டார். ஒரேயடியாக விட்டால் மாடு விழுந்துவிடும் என்று அடிக்கடி விரலால் அடைத்தார். நாலு வாளிக்கு மேல் வந்தது. பிறகு வால் துவாரத்துக்குக் கீழே நட்ட நடுவில் கீறி, உள்ளே ஆழத்தில் இருந்த நீர் வழியை வெளியே இழுத்து, பிளந்து, ஓரங்களைத் தோலோடு தைத்தார். அந்த வழியாக ரப்பர்க் குழாயைப் பைக்குள் விட இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை போயிற்று. பையின் மேல்பக்கத்தில் வெடிப்பு சின்னதாக இருந்தால், தண்ணீர் இப்படியே வெளியேறிக்கொண்டிருந்தால், அதுவாக ஒட்டிக்கொள்ளும் என்றார். பெரிதாக இருந்தால் மூன்று நாளில் தெரியும்.

அந்த மூன்று நாளும் குழாய் நுனியில் சொட்டு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் மயிலை எழுந்து செவலையின் பக்கம் தலையைத் திருப்பியது. அசை போட்டது. அக்கா அழுதாள். வண்டிக்காரர் டாக்டருக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும், எனக்கு உடுத்த ஒரு புதுச் சாரமும் வாங்கி வந்தார். அந்தச் சாரத்தை நான் ரொம்ப நாள் கட்டாமலே வைத்திருந்தேன்.

தவிட்டை நிறுத்தச் சொன்னார் டாக்டர். தீனியில் உப்புச் சேர்த்தால் தாகம் எடுத்து நிறையக் குடிக்கும், தண்ணீரைச் சூடு பண்ணிக் கொடுங்கள் என்றார். அக்கா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு பெரிய தகரத்தில் வெந்நீர் வைப்பாள். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். "ஏண்டி, அது குளிக்கவும் வெந்நிதானா, இல்ல குடிக்க மட்டுந்தானா?" என்று ஒருத்தி பீலிக்கரையில் கேட்டாள். பசுவா காளையா, பால் கறக்கலாமா என்று ஆண்கள் கேட்டார்கள். வண்டிக்காரர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மாடு உயிரோடு இருந்ததால் அவரால் சிரிக்க முடிந்தது.

இரண்டு மாதம் செவலை ஒற்றையாக இழுத்தது. அரை வண்டி விறகு, ஒரு நாளைக்கு இரண்டு நடைக்குப் பதில் நாலு நடை. சரிவில் பின்னால் கயிற்றைப் பிடித்தவன் நான். மழை பெய்தால் செருப்பில்லாத கால் சேற்றில் வழுக்கும், முழங்காலில் தோல் நிற்காது. ஸ்டோரில் விறகு ஒரு நாளும் குறையவில்லை. லொறிக்காரன் இன்னொரு தடவை வந்து துரையைப் பார்த்துவிட்டுப் போனான்.

பங்குனியில் மயிலையை மறுபடி நுகத்தில் பூட்டினோம். கிளம்பியிருக்க வேண்டியது அப்போதுதான். பொகவந்தலாவையில் பாலம் கட்டுகிறார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் டாக்டர் கடைசியாக வந்தபோது ஒன்று சொல்லியிருந்தார். வெட்டி வைத்த வாய் சுருங்கிக்கொண்டே வரும். வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெய் தடவிய ரப்பர்க் குழாயை விரல் நீளம் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். விட்டால் மூடிவிடும், மூடினால் பழைய கதைதான். அதை எனக்குத்தான் காட்டிக் கொடுத்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் குழாயை வெந்நீரில் போட்டு எடுத்து, நல்லெண்ணெய் தடவி, வாலை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். சிறுநீர் பட்டுத் தொடையில் தோல் வெந்துபோகும், அதைக் கழுவிக் களிம்பு போட வேண்டும். மழையிலும் வெயிலிலும் ஒன்றரை வருஷம். அதற்கிடையில் எத்தனையோ பேர் பிரஜாவுரிமைக் கடுதாசிக்கு எழுதிப் போட்டார்கள், சிலர் கடல் தாண்டி ஊருக்கே போய்விட்டார்கள். நான் அடுத்த ஞாயிறு கழியட்டும், அடுத்த ஞாயிறு கழியட்டும் என்று இருந்தேன். உடம்பு அலுத்துப் போனது. சில நாள் மாட்டின் மேலேயே எரிச்சல் வரும், செத்திருந்தால் நான் போயிருப்பேனே என்று. அந்த நினைப்பு வந்த நாளில் வழக்கத்தைவிட மெதுவாகக் குழாயை விடுவேன்.

ஒரு ஞாயிறு வண்டிக்காரர் அரிசி எடுக்கப் போயிருந்தார். நான் எண்ணெய்ச் சிரட்டையோடு தொழுவத்துக்குப் போனேன். அக்கா அங்கே முன்னாலேயே வந்து நின்றாள். குழாய் அவள் கையில் இருந்தது.

"வால நீ புடி, நான் விடுறேன்" என்றாள்.

நான் செய்வதை எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறாள். குழாய் சரியாகப் போய், மூத்திரம் அவள் மணிக்கட்டில் ஒழுகியது. துடைக்காமல் பேசினாள்.

"அன்னிக்கு டாக்டர் சொன்னதுல பாதிய நீ முழுங்கிட்ட தம்பி. நான் பொறந்தது கிராமத்து ஓரத் தோட்டம். சிங்களப் புள்ளைங்களோடதான் வெளையாடுனேன்."

வாலை விடாமல், அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊத்துனது நீ. வாயப் புடிச்சது யாரு? போதும்னு நீ சொன்னப்ப ஊத்துன்னு சொன்னது யாரு?" என்றாள். குழாயை உருவி வெந்நீரில் போட்டாள். "அவரு இது நம்ம காப்பாத்துன மாடுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அப்புடியே இருக்கட்டும். இனிமே ஞாயித்துக்கெழம நான் பாத்துக்கிறேன். ஒனக்கு இங்க இருப்புக் கொள்ளல, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. போ."

அந்த வாரமே கிளம்பினேன். வண்டிக்காரர் வருத்தப்பட்டார், இன்னொரு சாரம் கொடுத்தார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பல தடவை வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அவளுக்காக விட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பஸ் தோட்டத்து வளைவில் திரும்பும்போது முன்னால் அவர்களுடைய விறகு வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. பாதை ஒடுக்கம், முந்த முடியாது. மயிலை கழுத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பாரத்தைத் தாங்கிப் பிடித்தபடி இறங்கியது. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தார். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, பஸ்ஸில் நான் இருப்பது அவருக்குத் தெரியாது. வளைவில் வண்டி ஒதுங்கி நின்றது. மயிலை வாலைத் தூக்கிப் பின்புறமாகப் பெய்தது. கொண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"என்னாங்க இது, பசுவப் பூட்டிக்கிட்டு வெறகு ஏத்துறாரு" என்றான்.

"காளைதான்" என்றேன்.

"காளையா? அப்ப ஏன் அப்புடிப் பேயுது?"

டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பஸ் வண்டியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டது.